விபத்து நடந்தால் பையன் மாட்டிக்கொள்வானா?

தாராவி அண்ணாச்சிக்கு,

எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கிய செய்தித்தாள் துண்டை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். "இப்படி ஒண்ணு நடந்தா கடைசியில சின்னப் பையன் தலையிலதானே கட்டுவாங்க, தம்பி?" என்று கேட்டீர்கள். கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் உங்கள் பையன் பக்கத்தில் இருந்ததால் நேற்று முழுசாகப் பேசவில்லை.

2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். 21 பேரை முதல் நாளே மீட்டார்கள். கேப்டனும் இரண்டு இன்ஜினியர்களும் மறுநாள்வரை கப்பலிலேயே இருந்தார்கள். பொறுப்பு யாருடையது என்று அதிலேயே தெரியும். விபத்தை அரசுக்குச் சொல்வதும் கேடட், அதாவது பயிற்சியில் இருக்கும் பையனின் வேலையில்லை. மோதல், தரைதட்டல், உயிர்ச்சேதம் என்றால் கேப்டனோ அப்போது கப்பலுக்குப் பொறுப்பாக இருந்தவரோ உடனே அறிவிக்க வேண்டும் என்றது 1958 வணிகக் கப்பல் சட்டம், 358ஆம் பிரிவு. (2025இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. உங்கள் பையன் வேறு எண்களைப் படிப்பான்.) எல்சா லைபீரியாவில் பதிவான, அந்தக் கொடியோடு ஓடிய கப்பல் என்பதால் அந்த நாட்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

கப்பலே போனாலோ உயிர் போனாலோ விசாரணை கட்டாயம் என்பது 2010 முதல் சர்வதேச விதி. காரணம் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. போலீஸ், கோர்ட் தனியாக வரலாம். வராது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது பையனுக்குத் துணை லாக் புக்தான், கப்பலில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடு. உங்கள் கடை நோட்டைப் பார்த்தேன். தப்பான தொகைமேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது. பழையதும் படிக்கத் தெரிகிறது. கப்பலிலும் அப்படியே, கூடவே கையெழுத்து. வெள்ளை மை தொடவே கூடாது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் பேசுவதையெல்லாம், விமானத்தின் கறுப்புப் பெட்டி மாதிரியான வி.டி.ஆர். பெட்டி பதிவு செய்துகொண்டே இருக்கிறது. "மாத்தி எழுதுடா" என்று யார் சொன்னாலும் எழுதக் கூடாது. இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

எனக்குக் கவலை ஏஜென்ட்டுகள் பற்றித்தான். வேலை வாங்கித் தரக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு, கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கப்பல் துறை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். அலுவலகமும் காஞ்சூர்மார்க்கில்தான், சயனில் ரயில் ஏறினால் போதும்.

சரி, சனிக்கிழமை வரும்போது மார்க் ஷீட் கொண்டுவாருங்கள். கேடட் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு சேர்த்து 60 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்தில் எவ்வளவு என்று அவன் சொல்லவே இல்லை.