பெயர்ப்பலகை செதுக்க எந்த உலோகத் தகட்டை வாங்குவது, அதை எப்படி வெட்டுவது?

சிறிய செதுக்கு இயந்திரம் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அறைக்கதவுக்கும் வாசல் சுவருக்கும் ஒரே பித்தளைத் தகட்டைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போய் உலோகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரம் எழுத்தைக் கீறுகிறதா, வெட்டி எடுக்கிறதா? பலகை மழை படும் இடத்தில் இருக்கப்போகிறதா? பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெட்டுப்போய்த் திரும்பி வரும் பலகைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பார்க்காமல் செய்யப்பட்டவையே.

கீறும் இயந்திரத்தில் இருப்பது வைரமுனை. அது சுழலாது; தகட்டின் மேல் அழுத்தி இழுக்கப்படும்போது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்துக்கு மட்டுமே கோடு போடும். லாக்கர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு பூசிய பளபளப்பான பித்தளையில் இந்தக் கோடு அழகாக மின்னும். அறைக்குள் வைக்கும் பலகைக்கு அது போதும். வெட்டி எடுக்கும் இயந்திரத்தின் சுழலும் வெட்டுமுனையான கட்டர் அப்படியல்ல. அது உலோகத்தைச் சீவி எடுப்பதால், சீவல் எப்படி உடைகிறது என்பதே வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, வளைப்பதற்கும் அழுத்தி உருக்கொடுப்பதற்கும் ஏற்றது. கட்டருக்கு அது பிசுபிசுப்பாகத் தோன்றும். செதுக்குவதற்கென்றே விற்கப்படும் பித்தளையில் செம்பு ஏறத்தாழ 60 விழுக்காடும், ஈயம் 2 விழுக்காடு அளவிலும் இருக்கும். அந்தச் சிறிதளவு ஈயம்தான் சீவலைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் கழிவுத் துண்டில் ஓர் எழுத்தை வெட்டிப் பாருங்கள். மணல் போன்ற பொடி உதிர்ந்து எழுத்தின் ஓரம் கூர்மையாக நின்றால் அது சரியான தகடு. சுருள் சுருளாக இழை வந்து ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தகட்டை வைரமுனை வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஈயம் கலந்த பொடியை வாயால் ஊதித் தள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

தொடக்கக் காலத்தில் ஒரு மருத்துவரின் வெளிவாசலுக்கு, லாக்கர் பூசிய பித்தளையில் வைரமுனையால் பெயர் எழுதிக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் கூடத் தாங்கவில்லை. முதலில் எழுத்துகளின் உட்கோடு கறுத்தது. பிறகு ஒவ்வோர் எழுத்திலிருந்தும் வேர் விட்டதைப்போல, லாக்கருக்கு அடியிலேயே பழுப்பு இழைகள் படர்ந்தன. காரணம் எளியது: எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் லாக்கர் அறுபட்டிருக்கிறது, ஈரம் நுழைவதற்கு நானே வழி திறந்துவிட்டிருந்தேன். அந்தத் தகட்டின் லாக்கரை முழுவதும் தின்னரால் நீக்கி, எழுத்துகளைக் கட்டரால் 0.3 மி.மீ. ஆழத்துக்கு மறுபடி வெட்டி, கறுப்பு எனாமலால் நிரப்பி, அது நன்கு காய்ந்த பிறகு முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்கள், திருகுத் துளைகளின் உட்சுவர் என ஓரிடம் விடாமல் புதிய லாக்கர் பூசினேன். வெளியில் பித்தளைதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் இதே முறையில்தான் செய்கிறேன். சில ஆண்டுகளில் லாக்கரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்பு வேண்டாம் என்றால் அலுமினியம் நல்ல தேர்வு. 1050 என்ற தர எண் கொண்டது போன்ற ஏறக்குறைய தூய அலுமினியம் கட்டரில் அப்பிக்கொள்ளும். 6061 அல்லது 5052 கலவையை வாங்கி, வெட்டும் இடத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் எழுத்து சுத்தமாக வரும். அனோடைஸ் செய்த, அதாவது மின்சார முறையில் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்த, வண்ணத் தகடு என்றால், அது உள்ளறைக்கானதா வெளிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளறைத் தகட்டின் படலம் மெல்லியது. வெளியிடத்துக்கு 25 மைக்ரான் அளவு தடிமன் நல்லது. கரிமச் சாயங்களில் பல வெயிலில் வெளுத்துப்போகும். கட்டர் அந்தப் படலத்தை அறுத்துவிடுவதால், உப்புக்காற்று வீசும் இடங்களில் எழுத்தின் அடியில் வெண்பொடி பூக்கும்; எழுத்துகளைப் பெயின்டால் நிரப்புவது நல்லது, செதுக்கிய பிறகு அனோடைஸ் செய்ய முடிந்தால் அதைவிட நல்லது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடலோரத்துக்கு 304 என்ற ரகம் வேண்டாம். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 உப்பினால் வரும் குழிகளை நன்கு எதிர்க்கும். ஆனால் சிறிய இயந்திரத்தில் அதைச் செதுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டர் வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் மேலும் இறுகிப்போய், முனைதான் உடையும். அமிலத்தால் அரித்து எழுதும் பட்டறையிடம் கொடுத்துவிடுவதே மேல்.

இனி வெட்டுவதைப் பற்றி. வெளிப்பலகைக்கு 1.5 மி.மீ. தடிமனுக்குக் குறையாதீர்கள். கத்தரி இயந்திரத்தில் வெட்டும்போது ஓரம் ஒரு பக்கம் மழுங்கி, மறுபக்கம் பிசிறு எழும். மெல்லிய பட்டையாக வெட்டினால் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். ஆகவே சுற்றிலும் 1 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, அரத்தால் அராவிச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரம்பத்தால் அறுப்பதென்றால் தகட்டின் தடிமனுக்குள் எப்போதும் இரண்டு பற்களாவது நிற்க வேண்டும். அங்குலத்துக்கு 32 பற்கள் கொண்ட நுண் அலகுகூட 1.5 மி.மீ. தகட்டில் அந்த எல்லையை ஏறக்குறையத்தான் எட்டும் என்பதால், தகட்டை இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் இறுக்கி மூன்றையும் சேர்த்தே அறுங்கள். தகடு அதிராது, ஓரமும் கிழியாது. இரும்பு அராவிய அரத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் வைக்காதீர்கள், அதில் ஒட்டிவரும் இரும்புத் துகள் முதல் ஈரத்திலேயே துருப்புள்ளியாகும். துளைகளைச் செதுக்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பித்தளையில் டிரில் முனை அடிப்பக்கம் வெளிவரும் நேரத்தில் சட்டென்று கவ்வித் தகட்டையே சுழற்றிவிடும். கையால் பிடிக்காமல் கிளாம்பால் இறுக்கி, கீழே மரத்துண்டு வைத்துத் துளையிடுங்கள். தகட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளைச் செதுக்கத் தொடங்கும்வரை உரிக்க வேண்டாம்.

மாட்டும்போது அலுமினியத் தகட்டுக்குப் பித்தளைத் திருகு போடாதீர்கள். ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஸ்டெயின்லெஸ் திருகும் நைலான் வாஷரும் போதும். சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பின்பக்கம் வழியும் நீர் தேங்காமல் இறங்கிவிடும்.