கிடார் ஆம்ப்: ரெக்டிஃபையர் வால்வா, டயோடா? – வாசகர் கேள்வி பதில்

ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்ப் மெத்தென்று ஒலிக்கும், டயோடு போட்டால் விறைப்பாகிவிடும் என்கிறார்கள். வீட்டில் இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லையே?
– வாசகர், மன்னார்குடி

ஏசி மின்சாரத்தை ஆம்பின் வால்வுகளுக்கு வேண்டிய டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர்; அந்த வேலையை வால்வும் செய்யும், சிலிக்கான் டயோடும் செய்யும். வித்தியாசம் உண்டு. வீட்டுச் சத்தத்தில் அது வெளியே வராது.

வயலோரம் வீடு உள்ளவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். பம்ப்செட் மோட்டார் கிளம்பும் நொடியில் குண்டு பல்பு மங்கும். மோட்டார் வேகம் பிடித்ததும் பழைய வெளிச்சம் திரும்பும். மோட்டார் திடீரென்று இழுக்கும் மின்சாரத்தை வழியில் உள்ள தடை தாங்காமல் வோல்டேஜ் தொய்கிறது. ரெக்டிஃபையர் வால்வு அப்படியொரு தடை. கிடாரில் ஒரு கார்டை ஓங்கி அடித்தால் ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள் அதிக மின்சாரம் இழுக்கும், வோல்டேஜ் தொய்யும், அடியின் முனை மழுங்கும். ஒலி அடங்க அடங்க வோல்டேஜ் ஏறுவதால் சுரம் நீண்டு நிற்பதுபோல் கேட்கும். மெத்தென்று இருப்பதாகச் சொல்வது இதைத்தான். மெல்ல வாசித்தால் இழுப்பே இல்லை, தொய்வும் இல்லை.

வால்வு என்றாலே தொய்வு என்பதும் தவறு. 5ஒய்3 என்ற ரெக்டிஃபையர் வால்வில் 125 மில்லி ஆம்பியர் ஓடினால் 50 முதல் 60 வோல்ட் வரை இறங்கும். ஜி.இசட்.34 வால்வில் 225 மில்லி ஆம்பியர் ஓடும்போதுகூட இறங்குவது 17 வோல்ட்தான். சிலிக்கான் டயோடில் ஏறக்குறைய ஒரு வோல்ட். ஆகவே ஜி.இசட்.34 ஆம்புக்கும் டயோடு ஆம்புக்கும் உள்ள தூரத்தைவிட, ஜி.இசட்.34க்கும் 5ஒய்3க்கும் உள்ள தூரம் பெரிது.

ஒற்றைப் பவர் வால்வு கொண்ட சிறிய கிளாஸ் ஏ ஆம்ப் என்றால் மெல்ல வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றே. அங்கே தொய்வைத் தேடிப் பயனில்லை. பவர் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்யும் கிளாஸ் ஏபி புஷ்-புல் ஆம்பில், அதுவும் அவை திணறும் அளவுக்கு வால்யூமைத் திருகும்போதுதான் இது கேட்கும். பெடலிலிருந்தோ, பவர் வால்வுகளுக்கு முன்னால் உள்ள ப்ரீஆம்பிலிருந்தோ வரும் டிஸ்டார்ஷனுக்கும் ரெக்டிஃபையருக்கும் தொடர்பு மிகக் குறைவு. எல்லாரும் தொய்வை விரும்பியதும் இல்லை. தெளிவான ஒலிக்காக 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் டயோடுகளோடே வந்தது. அதே குடும்பத்து டீலக்ஸ் ரிவெர்பில் ஜி.இசட்.34 இருந்தது. மீசா பூகி டூயல் ரெக்டிஃபையரில் இரண்டையும் வைத்து, நடுவில் ஒரு சுவிட்ச் கொடுத்தார்கள்.

எங்கள் மெல்லிசைக் குழுவின் ஆம்பில் இரண்டு 6வி6 பவர் வால்வு, ஒரு 5ஒய்3. டிரான்ஸ்ஃபார்மர் 325-0-325 வோல்ட். 5ஒய்3 போய்விட்டது. இரண்டு டயோடு போட்டால் ஓடும் என்கிறார் ரேடியோ மெக்கானிக். போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

ஓடும். டயோடை மட்டும் போட்டு ஓட்டினால் 6வி6 இரண்டும் சிவந்து போகும்.

325ஐ 1.414ஆல் பெருக்கினால் ஏசியின் உச்சம் 460 வோல்ட். 5ஒய்3 இருந்தவரை, சுமையோடு முதல் கெபாசிட்டரில் 360 வோல்ட் அளவில் இருந்திருக்கும். டயோடு போட்டால் அது 400ஐத் தாண்டும். வால்வுகள் சூடேறும் முன், சுமையே இல்லாத முதல் சில நொடிகளில் முழு 460ம் வந்து நிற்கும். பழைய ஆம்புகளில் பெரும்பாலும் 450 வோல்ட் கெபாசிட்டர்தான்.

எனவே மூன்று வேலைகள். முதலாவது டயோடு. ஒரு பக்க டயோடு தாங்க வேண்டிய எதிர்வோல்டேஜ் 460இன் இரு மடங்கு, 920. 1என்4007இன் எல்லை 1000. லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினாலே எல்லை உடைந்துவிடும். பக்கத்துக்கு இரண்டாக, தொடராக, மொத்தம் நான்கு போடுங்கள். விலை ஒரு பொருட்டே இல்லை. 5ஒய்3 சாக்கெட்டின் பின் 4இலிருந்து 8க்கு ஒரு ஜோடி, 6இலிருந்து 8க்கு ஒரு ஜோடி. டயோடின் கோடு போட்ட முனை 8ஐப் பார்க்க வேண்டும். பின் 2இலும் 8இலும் உள்ள, 5ஒய்3ஐச் சூடாக்கிய 5 வோல்ட் சுற்றை அப்படியே விடுங்கள், தரையோடு மட்டும் சேர்க்காதீர்கள். அதில் முழு உயர் வோல்டேஜ் இருக்கும்.

இரண்டாவது, வால்வு செய்த வேலையை ஒரு ரெசிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். பின் 8க்கும் முதல் கெபாசிட்டருக்கும் நடுவில் 150 ஓம், 25 வாட், சேஸிஸில் திருகும் அலுமினிய உடல் ரெசிஸ்டர். டயோடு வழியே மின்சாரம் துடிப்புத் துடிப்பாக ஓடுவதால் சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றாலும் சூடு அதைவிடக் கூடும். 5 வாட் ரெசிஸ்டர் நிலைக்காது. வோல்டேஜை அளந்து, தேவையானால் 100 அல்லது 220 ஓமுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது கெபாசிட்டர். 500 வோல்ட் போடுங்கள். கிடைக்காவிட்டால் 47 மைக்ரோ ஃபாரட் 350 வோல்ட் இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கே 220 கிலோ ஓம் வையுங்கள். 220 கிலோ ஓம் இல்லாவிட்டால் வோல்டேஜ் இரண்டிலும் சமமாகப் பிரியாது.

முடித்ததும் 6வி6இன் கேத்தோடு (எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) ரெசிஸ்டரில் உள்ள வோல்டேஜை அளங்கள். உதாரணமாக 250 ஓமில் 20 வோல்ட் இருந்தால் 80 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 40. பிளேட்டுக்கும் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) கேத்தோடுக்கும் இடையே 340 வோல்ட் என்றால் 13.6 வாட். பழைய 6வி6ஜிடியின் எல்லை 12, 6வி6ஜிடிஏவின் எல்லை 14. விளக்கை அணைத்துவிட்டு பிளேட்டையும் பாருங்கள், செம்புள்ளி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை கிளிப் கம்பியால் முதல் கெபாசிட்டரின் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே தொடுங்கள். இந்த வோல்டேஜ் உயிரைக் குடிக்கும்.

தாத்தாவின் வால்வு ரேடியோவில் இ.இசட்.80 ரெக்டிஃபையர் வால்வு இருக்கிறது. என் ஆம்பில் இ.இசட்.81. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. மாற்றிப் போடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பின்கள் ஒத்துப்போகும், திறன் ஒத்துப்போகாது. இ.இசட்.80 தருவது 90 மில்லி ஆம்பியர், இ.இசட்.81 தருவது 150. இரண்டு இ.எல்.84 பவர் வால்வு உள்ள ஆம்ப் ஓங்கி வாசிக்கும்போது 90ஐத் தாண்டும். வேண்டாம். ரேடியோவும் பாடட்டும்.

குறுவை நேரத்தில் மாலையில் 190 வோல்ட், நள்ளிரவில் 250. வால்வு ரெக்டிஃபையருக்கு ஆபத்தா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

டயோடைவிட வால்வுக்குத்தான் ஆபத்து. 230 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 190 வந்தால் ரெக்டிஃபையர் வால்வைச் சூடாக்கும் 5 வோல்ட் ஃபிலமென்டுக்குக் கிடைப்பது 4.1தான். போதிய சூடில்லாத கேத்தோடிலிருந்து முழு மின்சாரத்தை இழுத்தால் அதன் பூச்சு சீக்கிரம் வீணாகும். 250இல் 6.3 வோல்ட் ஹீட்டர்களுக்கு 6.8 போய்விடும், உயர் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். ஹீட்டர் வோல்டேஜ் பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 20 வாட் ஆம்புக்கு 500 விஏ ஸ்டெபிலைசர் தாராளம். ஊர் ஊராகத் திருவிழா மேடைக்குப் போய், கிடைத்த லைனிலும் ஜெனரேட்டரிலும் வாசிக்கும் குழுவென்றால், கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன டயோடும் ரெசிஸ்டருமே எங்கள் தேர்வு.

இரைச்சலைக் குறைக்க முதல் கெபாசிட்டரை 100 மைக்ரோ ஃபாரட் ஆக்கினேன். அதன் பிறகு 5ஒய்3க்குள் பளிச்சென்று மின்னல் அடித்து ஃபியூஸ் போகிறது. இரண்டாவது வால்வுக்கும் இதே கதி.
– வாசகர், மயிலாடுதுறை

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 5ஒய்3க்குத் தரவுத்தாள் சொல்லும் முதல் கெபாசிட்டர் 20 மைக்ரோ ஃபாரட். ஜி.இசட்.34 என்றால்கூட 60தான். காலி கெபாசிட்டர் பெரிதாக இருந்தால் நிரம்பும்போது வால்வின் எல்லை மீறிய மின்சாரத்தை உறிஞ்சும், மின்னல் அதனால்தான். பழைய மதிப்பையே திரும்பப் போடுங்கள். ஃபியூஸைப் பெரிதாக்காதீர்கள், அடுத்துப் போவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும்.

புது வால்வைச் செருகும் முன், ரெக்டிஃபையர் இல்லாமலே, லைனில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. மங்கலாக நின்றால் நல்லது. பின் 4க்கும் 6க்கும் வரும் கம்பிகளில் தலா இரண்டு 1என்4007 தொடராக, கோடு வால்வைப் பார்க்கும்படி சேருங்கள். வால்வுக்குள் ஷார்ட் ஆனாலும் எதிர்மின்சாரம் ஓடாது, ஒலியும் மாறாது.

இரைச்சல் 100 ஹெர்ட்ஸா, 50 ஹெர்ட்ஸா என்று முதலில் பிரித்தறியுங்கள். கரகரப்பான 100 என்றால் வடிகட்டல் குறை. சோக் (வடிகட்டும் கம்பிச்சுருள்) அல்லது ரெசிஸ்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது கெபாசிட்டரை 47 ஆக்குங்கள், அதன் சுமை வால்வின் மேல் நேராக விழாது. அடியில் மெல்ல உறுமும் 50 என்றால் ஹீட்டர் கம்பிகளையும் தரை இணைப்பையும் பாருங்கள். கெபாசிட்டரை எவ்வளவு கூட்டினாலும் அது போகாது.