வலி முழங்காலில் இல்லை

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா என்ற கேள்விக்கே உங்கள் கடிதத்தின் முக்கால் பங்கைச் செலவிட்டிருக்கிறீர்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட முழங்கால் மூட்டுத் தேய்மானம் அதிகமாக வருவதில்லை. வலியோ வீக்கமோ இல்லாமல் மூட்டில் கேட்கும் சொடக்குச் சத்தத்துக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். பாதத்தின் வளைவைப் பார்த்துக் காலணி வாங்கச் சொன்ன காணொளியையும் மறந்துவிடலாம். காலுக்கு இதமாக இருந்தால் போதும்.

என்னைக் கவலைப்படுத்துபவை, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரிகள்தாம். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் உட்புறத்தில், ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் மூன்று வாரமாக வலி. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை. உணவைக் குறைத்த பிறகு இரண்டு மாதமாக மாதவிலக்கு இல்லை.

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்குக் கீழ்க்காலில் வலிப்பது சாதாரணம். ஆனால் அந்த வலி எலும்பின் ஓரமாக ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் பரவியிருக்கும். ஓடி உடல் சூடேறியதும் பெரும்பாலும் தணியும். ஓரிடத்தில் மட்டும் குத்தி, ஓட ஓடக் கூடுகிற வலி என்றால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும், எலும்பில் விழும் மயிரிழை முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை எந்த மருத்துவரும் நிம்மதியாக இருக்கக் கூடாது. சுமை கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும் என்பதால், மூச்சும் தசையும் பழகிவிட்ட தைரியத்தில் ஐந்து கிலோமீட்டரிலிருந்து ஒரே மாதத்தில் பன்னிரண்டுக்குத் தாவியவரின் எலும்பு பின்தங்கிவிடுகிறது. போதிய உணவின்றி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு கரைவது கூடி, புதிய எலும்பு அதை ஈடுகட்ட முடியாமல் இன்னும் பின்தங்கும். மாதவிலக்கு நின்றதை இந்த வலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

ஆகவே ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள், குறைப்பது போதாது. வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடியது, சொல்லப்போனால், இதில் எனக்குக் கோபமூட்டும் ஒரே விஷயம். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கால் சொன்னதை நீங்கள் கேட்கவே இல்லை. இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம் என்பதால், அதில் ஒன்றுமில்லை என்றாலும் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மாதவிலக்கு விவரத்தை அவரிடம் மறைக்காதீர்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நடந்தாலே வலித்தாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ, இடுப்புக்கும் தொடைக்கும் இடையே கவட்டையில் வலி தொடங்கினாலோ, காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முறிவு உறுதியானால், இந்த இடத்தில் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு தேவைப்படும். அடுத்த மாதம் நீங்கள் ஓட நினைத்திருக்கும் 21 கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் கலந்துகொள்ளப்போவதில்லை.