கோல்ஃப் ஃபேன்டஸி அணி: ஆளைப் பார்க்கும் முன் அட்டவணையைப் பாருங்கள்

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து ஆண்டு முழுக்க ஓடும் கோல்ஃப் ஃபேன்டஸி லீக் நடத்துகிறார்கள். இந்த முறை என்னையும் இழுத்துவிட்டார்கள். டிராஃப்டில் (முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஆளுக்கு 8 வீரர்கள். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. வாரம் 4 பேரை இறக்க வேண்டும். அவர்கள் வாங்கும் பரிசுப் பணம்தான் புள்ளி. சீசனில் 4 முறை ஆள் மாற்றலாம். ஐ.பி.எல். ஃபேன்டஸி சுமாராக ஆடுவேன். கோல்ஃபில் டைகர் உட்ஸைத் தவிர ஒருவரையும் தெரியாது. எப்படி அணி சேர்ப்பது?

பதில்: டைகர் உட்ஸை எடுக்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஐ.பி.எல். பழக்கத்தில் ஒன்றை மட்டும் கழற்றி வைக்க வேண்டும். அங்கே லீக் சுற்றில் எல்லா அணிக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டம், எந்த ஆட்டத்தில் அடித்தாலும் ரன் ரன்தான். கோல்ஃபில் யார் எந்த வாரம் ஆடுவார் என்பது அவருடைய விருப்பத்தையும் தகுதியையும் பொறுத்தது. ஒரு வாரத்துப் பணமும் அடுத்த வாரத்துப் பணமும் ஒன்றல்ல. பரிசுப் பணத்தைப் புள்ளியாக வைக்கும் லீக்கில், 'யார் நல்ல ஆட்டக்காரர்?' என்பதற்கு முன்னால் 'பணக்கார வாரங்களில் யார் கட்டாயம் இருப்பார்?' என்று கேட்பவர்தான் முன்னே நிற்கிறார்.

2025 கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 'சிக்னேச்சர்' என்று 8 போட்டிகள், ஒவ்வொன்றிலும் மொத்தப் பரிசு 2 கோடி டாலர். ஜெயித்தவருக்கு 36 லட்சம். ஜெனிசிஸ், ஆர்னால்ட் பாமர், மெமோரியல் மூன்றில் மட்டும் 40 லட்சம். மார்ச்சில் நடக்கும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் 45 லட்சம், யு.எஸ். ஓப்பனில் 43 லட்சம். சாதாரண வாரப் போட்டிக்கு வாருங்கள்: மொத்தமே 80, 90 லட்சம்தான். அதில் 18 விழுக்காடு முதல் பரிசு என்றால் 14 முதல் 16 லட்சம். சிக்னேச்சர் போட்டியில் இரண்டாவதாக வந்தாலே 21 லட்சத்துக்கு மேல். அதாவது, உங்கள் எதிராளியின் வீரர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் வாரத்தைவிட, உங்கள் வீரர் கோப்பையைக் கோட்டைவிட்ட வாரம் அதிகம் சம்பாதிக்கலாம்.

'கட்' என்ற விஷயமும் இருக்கிறது. சாதாரணப் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் முதல் 65 இடங்களும் அதற்குச் சமமானவர்களும் மட்டுமே வார இறுதிக்குப் போவார்கள். மீதிப் பேருக்குப் பூஜ்யம். சிக்னேச்சர் போட்டிகளில் ஏறக்குறைய 70 பேர்தான் ஆடுவார்கள், மேலே சொன்ன மூன்றைத் தவிர மற்றவற்றில் கட்டே கிடையாது. கடைசியாக வந்தவனுக்கும் கூலி உண்டு.

சரி, அந்த 70-க்குள் யார் போகிறார்கள்? முந்தைய ஆண்டு ஃபெடெக்ஸ் கப் தரவரிசையில் (டூரின் சீசன் புள்ளிப் பட்டியல்) முதல் 50 இடம் பிடித்து, சீசன் முடிவில் நடக்கும் பிளே-ஆஃபின் இரண்டாவது போட்டியான பி.எம்.டபிள்யூ. சாம்பியன்ஷிப்பை எட்டியவர்களுக்கு அடுத்த ஆண்டின் எல்லா சிக்னேச்சர் போட்டிகளிலும் இடம் நிச்சயம். மற்றவர்கள் அந்தந்த நேரத்து ஆட்டத்தையும், உலகத் தரவரிசையையும், ஸ்பான்சர் அழைப்பையும் நம்பி வர வேண்டும். இப்போது உங்கள் லீக்குக்கு வாருங்கள். 12 பேர், ஆளுக்கு 8. மொத்தம் 96 வீரர்கள் போவார்கள். நிச்சய இடம் உள்ளவர்களோ 50 பேர். நாலு சுற்று முடியும்போது 48 பேர் போயிருப்பார்கள். அதனால் முதல் நாலு தேர்வும் அந்தப் பட்டியலிலிருந்தே இருக்கட்டும். பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இதைச் செய்ய மாட்டார்கள்.

உங்கள் ஊர் டாலஸ் என்பதால் ஒரு கூடுதல் வசதி. ஜோர்டன் ஸ்பீத் அங்கே பிறந்து வளர்ந்தவர், மூன்று மேஜர் (ஆண்டின் நாலு பெரிய போட்டிகளுக்கு அந்தப் பெயர்) ஜெயித்தவர். யாராவது ஒரு சக ஊழியர் பாசத்தில் அவரைச் சீக்கிரம் தூக்கிவிடுவார். 2024, 2025 இரண்டு ஆண்டும் அவர் அந்த 50-க்குள் வரவில்லை. எடுக்கட்டும், விட்டுவிடுங்கள்.

பாசத்தைப் பற்றி நான் பேச அருகதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பிறந்த தெலுங்குப் பையன் சாஹித் தீகலா 2024-ல் பிளே-ஆஃபின் கடைசிப் போட்டியான டூர் சாம்பியன்ஷிப்பில் மூன்றாவதாக வந்தார். பட்டியலில் இருந்தார், ஃபார்ம் இருந்தது, பெயரும் நம் வாயில் நுழைகிறது. அடுத்த சீசனுக்கு இரண்டாம் சுற்றிலேயே எடுத்தேன். காயம் படுத்தியதில் 2025 பிளே-ஆஃபுக்கான 70 பேரில்கூட அவர் இல்லை. தப்பு அவரை எடுத்ததில் இல்லை. காயச் செய்தி வந்த பிறகும் மூன்று மாதம் மாற்றாமல் வைத்திருந்ததில்தான் இருக்கிறது.

முதல் தேர்வு உங்களுக்கு விழுந்தால் ஸ்காட்டி ஷெஃப்லர், யோசிக்கவே வேண்டாம். 2024-ல் பி.ஜி.ஏ. டூரில் 7 வெற்றி, 2.9 கோடி டாலருக்கு மேல். 2025-ல் 6 வெற்றி, 2.7 கோடிக்கு மேல். அதுவும் 2024 கிறிஸ்துமஸ் அன்று ரவியோலி செய்யப் போய், உடைந்த கண்ணாடி டம்ளர் கையைக் கிழித்து, அறுவை சிகிச்சை முடிந்து தாமதமாகத் தொடங்கிய ஆண்டு அது. ரோரி மெக்கில்ராய் 2025-ல் மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸும், பிளேயர்ஸும் ஜெயித்தார், ஆனால் சில சிக்னேச்சர் போட்டிகளையும் பிளே-ஆஃபின் முதல் போட்டியையும் விருப்பப்பட்டே தவிர்த்தார். 8 பேரில் 4 பேரைத்தான் இறக்குகிறீர்கள் என்பதால் அது பெரிய குறையில்லை. கடைசித் தேர்வு விழுந்தாலும் கவலை வேண்டாம். வரிசை பாம்பு மாதிரி திரும்பும் டிராஃப்ட் என்றால் 12, 13 இரண்டும் அடுத்தடுத்து உங்களுக்குத்தான்.

ஐந்தாம் சுற்றுக்கு மேல் வேறு கணக்கு. இங்கே இரண்டு ரகம் தேவை. ஒன்று, ஓய்வே எடுக்காத உழைப்பாளி. தென்கொரியாவின் சுங்ஜே இம் 2018-19 சீசனில் 35 போட்டி ஆடினார். அந்த மாதிரி ஆள். பெரிய தலைகள் வீட்டில் இருக்கும் வாரத்தில் நாலு இடத்தையும் நிரப்ப இவர்கள் வேண்டும். இரண்டு, பி.ஜி.ஏ. டூருக்கு எதிராக நடக்கும் லிவ் தொடரில் இருப்பவர். பிரைசன் டிஷாம்போ 2024-ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்து, பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்தார். இரண்டே வாரத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல். லிவ் போக, ஆண்டில் நாலு மேஜர் மட்டும் ஆடுகிறவர் என்பதால் பலர் கண்டுகொள்ள மாட்டார்கள். பெஞ்சில் உட்காருபவருக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கவில்லையே. ஆனால் டிராஃப்டுக்கு முந்தைய வாரம் அவர் எந்தத் தொடரில் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டூர் உறுப்பினர் அல்லாதவர் மேஜரில் வாங்கும் பணம் உங்கள் லீக்கில் கணக்கில் வருமா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டு பேருக்கு நடுவில் தடுமாறினால் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' எண்ணைப் பாருங்கள். பி.ஜி.ஏ. டூர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சுற்றில் ஆட்டக்காரர் மற்றவர்களின் சராசரியைவிட எத்தனை அடி மிச்சம் பிடித்தார் என்பதே அது. டீயிலிருந்து அடிப்பது (தொடக்க அடி), கிரீனை (குழி இருக்கும் புல்தரை) நோக்கி அடிப்பது, கிரீனைச் சுற்றி ஆடுவது, பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) என்று நாலாகப் பிரித்திருப்பார்கள். கிரீனை நோக்கி அடிக்கும் எண் நன்றாக இருப்பவரை எடுங்கள். பட்டிங் வானிலை மாதிரி, இந்த வாரம் பெய்யும், அடுத்த வாரம் காயும்.

அந்த 4 மாற்றங்களை பிப்ரவரிக்குள் செலவழிப்பதுதான் புதியவர்கள் செய்வது. ஒன்றைக் காயத்துக்கு ஒதுக்குங்கள், இரண்டை ஏப்ரல், மே வரை கையில் வையுங்கள். 2025 தொடங்கியபோது பென் கிரிஃபின் பெயரில் டூர் வெற்றி ஒன்றுகூட இல்லை. ஏப்ரல் இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் ஜோடிப் போட்டியை ஆண்ட்ரூ நோவாக்குடன் சேர்ந்து ஜெயித்தார். மே இறுதியில் உங்கள் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் தனியாகவே ஜெயித்து, அடுத்த வாரமே மெமோரியலில் ஷெஃப்லருக்கு அடுத்த இடம். ஏப்ரலில் எடுத்தவருக்கு அறுவடை. சாதாரணப் போட்டியானாலும் ஜெயித்தவருக்கு மிச்ச சிக்னேச்சர் போட்டிகளின் கதவு திறக்கிறது. அந்தக் கதவு திறந்த வாரம்தான் மாற்றத்தைப் பயன்படுத்த வேண்டிய வாரம்.

வாராந்திர வேலை பத்து நிமிடம்தான். ஆட்டம் வியாழன் காலை தொடங்கும். புதன் இரவு யாராவது விலகியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாஸ்டர்ஸுக்கு மட்டும் முதல்முறை போகிறவரை இறக்காதீர்கள்: போட்டி தொடங்கிய காலத்து முதல் இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டால், அறிமுக ஆட்டத்திலேயே ஜெயித்தவர் 1979-ல் ஃபஸி ஸெல்லர் ஒருவர்தான்.

அப்புறம், டிராஃப்டுக்கு முன்பே லீக் நடத்துபவரிடம் டூர் சாம்பியன்ஷிப் பணம் கணக்கில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 பேர் மட்டும் ஆடும் அந்தப் போட்டியில் 2025-ல் முதல் பரிசு 1 கோடி டாலர். அதை வாங்கியவர் டாமி ஃபிளீட்வுட். அதற்கு முன் பி.ஜி.ஏ. டூரில் அவர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. சேரும் என்று பதில் வந்தால், உங்கள் கடைசி மாற்றத்தை ஆகஸ்ட் வரை தொடாதீர்கள்.