கசப்போடு புறப்படுவது

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். அப்பா வாங்கிய இரண்டு ஏக்கர் நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற ஒன்றரை ஆண்டாக அலைகிறோம். சர்வேயர் அளக்க வருவதற்கே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இந்த நாடு திருந்தாது என்று தோன்றிவிட்டது. ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. நண்பர்கள் இதைத் தப்பி ஓடுவது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகப் போங்கள். முறைப்படி மனுக் கொடுத்துவிட்டு ஒன்றரை ஆண்டு நடையாய் நடந்தவர் வேறிடம் தேடுவதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்பவர்களில் சிலராவது தங்கள் பட்டாவுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆனால், நான் இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தாலுகா அலுவலகத்தின் மரப்பெஞ்சும், 'சார் ஜமாபந்திக்குப் போயிருக்கார்' என்ற பதிலும், கட்டு அவிழ்க்கப்படாத கோப்புகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. போய்ச் சேரப்போகும் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபம் ஒருவரை விமானம் ஏற்றிவிடும், அங்கே குடியமர்த்தாது. நீல அட்டை (உயர்திறன் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை, வசிப்பு அனுமதி) பெற்றுச் செல்பவர் பி1 எனப்படும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் கற்றிருந்தால் 21 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். ஏ1 என்ற தொடக்கநிலை மட்டும் இருந்தால் 27 மாதங்கள். மொழியை இன்றே தொடங்கிவிட்டீர்களா என்பதுதான் நண்பர்கள் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

காத்திருப்பு அங்கும் உண்டு. பெர்லின் போன்ற பெருநகரங்களில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஒரு சந்திப்பு நேரம் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிறது என்று அங்கிருப்பவர்கள் புலம்புவதுண்டு. அதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்களை நோகடித்தது வரிசையின் நீளத்தைவிட, பணம் கொடுத்தவர் அதில் முந்திச் செல்வதுதான். இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால், அங்கே முதல் தாமதத்திலேயே 'எல்லா நாடும் இப்படித்தான்' என்று அலுத்துப்போக மாட்டீர்கள்.

இங்கே இழப்பதையும் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு வாக்குரிமை உண்டு என்றாலும், நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஆகவே, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் நாளில் இந்த வாக்கும் போய்விடும். அப்பாவின் நிலம் வாரிசுரிமையில் உங்களுக்கு வரத் தடையில்லை. ஆனால் வெளிநாட்டில் குடியேறிய பின், பக்கத்து வயல் விலைக்கு வந்தால் அதை உங்கள் பெயரில் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை.

பட்டாவைப் பொறுத்தவரை, வட்டாட்சியர் தள்ளுபடி செய்ததோடு அது முடிந்துவிடவில்லை. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம். தள்ளுபடி ஆணையின் நகலை வாங்கி, பயணத்துக்கு முன்பே மேல்முறையீட்டைப் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இல்லையென்றால், நீங்கள் விட்டுப்போகும் அலைச்சல் முழுவதும் அவர் தலையில்தான் விழும்.