தோப்பை விற்றுத்தான் மகளை டாக்டராக்க வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயம் செய்கிறேன். மகள் இந்த வருடம் நீட் எழுதினாள். போன வருடக் கலந்தாய்வுப் பட்டியலோடு ஒப்பிட்டால் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போலத் தெரிகிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமும் கிடைக்கும். என் மச்சினர், "புதுக் காலேஜுக்கு என்ன பேர் இருக்கிறது? சென்னையில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள்" என்கிறார். மனைவிக்கு மகளை நாகை வரை அனுப்பப் பயம், கோவை என்றால் சம்மதம். மகளோ எதுவானாலும் சரி என்கிறாள். தோப்பில் வாடல் நோய் வந்து வருமானம் பாதியாகிவிட்டது. விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். சென்னை இடத்துக்கு ஓர் ஏஜென்ட் ஐந்து லட்சம் முன்பணம் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
— ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு, முதலில் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி வாசல் வரை வந்திருப்பதே பெரிய உழைப்பு.

தோப்பை விற்காதீர்கள். நாகப்பட்டினம் கிடைத்தால் அங்கேயே சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பணக் கணக்கைப் பார்ப்போம். அரசு மருத்துவக் கல்லூரியில் வருடக் கட்டணம் இருபதாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். விடுதி, மெஸ், புத்தகம், ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்ந்தாலும் மொத்தப் படிப்பையும் ஐந்து லட்சத்துக்குள் அடக்கப் பார்க்கலாம். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய நாலரை லட்சம். நாலரை வருடப் படிப்புக்கு இதுவே இருபது லட்சத்தைத் தொடும். விடுதியும் இதரக் கட்டணங்களும் சேர்ந்தால் முப்பதை நெருங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பலவற்றில் வருடக் கட்டணம் மட்டுமே இருபது லட்சத்துக்கு மேல். முடித்து வெளியே வரும்போது ஒரு கோடியைத் தாண்டியிருக்கும்.

இந்த மூன்று தொகைகளையும் பெற்றோர் பலர் டாக்டர் ஆவதற்கான முழு விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான். எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்த பிறகு உங்கள் மகள் முதுநிலைப் படிப்புக்கு இன்னொரு நீட் எழுத வேண்டும். நாடு முழுக்க இளநிலை இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன, முதுநிலை இடங்கள் அந்த அளவுக்கு இல்லை. விரும்பிய துறை கிடைக்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலைக்குப் போகாமல், அல்லது அரைகுறையாகப் போய்க்கொண்டு, உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அந்த நேரத்தில் வீட்டில் பணம் இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்பதுதான் அவள் என்ன டாக்டராக ஆகப்போகிறாள் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

முப்பது லட்சம் கடன் வாங்கி, பத்து சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய நாற்பதாயிரம். படிக்கும் காலத்தில் சேர்ந்துகொண்டே போகும் வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. இளநிலை மட்டும் முடித்த பெண் தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக வாங்கும் சம்பளத்தில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். பிறகு எங்கே உட்கார்ந்து படிப்பது? நைட் டூட்டி பார்த்துக்கொண்டே முதுநிலைத் தேர்வுக்குத் தயாராகிக் களைத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள். கல்லூரி தேர்ந்தெடுத்த அன்று யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கலாமே என்று மனசு வலிக்கும்.

வாடல் நோய் வந்த தோப்புக்கு இன்று நல்ல விலை கிடைக்காது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். முதுநிலைக்கு அவள் படிக்கும் வருடங்களில் அந்த நிலம் கையில் இருப்பதே அவளுக்குப் பெரிய தைரியம்.

இனி மச்சினர் சொன்ன பேர். மருத்துவக் கல்லூரிக்குப் பேர் என்பது உண்மையில் இருக்கிற விஷயம்தான், நான் மறுக்கவில்லை. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கும், வேலூர் சி.எம்.சி.க்கும் இருக்கிற பேர் காரணமில்லாமல் வந்ததல்ல. அங்கே வந்து குவியும் நோயாளிகள், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள், உலகம் முழுக்க இருக்கும் பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து வந்த பேர் அது. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் தூரம் பார்க்காமல் போகச் சொல்வேன். ஆனால் கட்டடமும் விளம்பரமும் பெரிதாக இருப்பதால் வரும் பேர் வேறு. முதுநிலை நீட்டில் நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அரசு மருத்துவர் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்விலும் அப்படித்தான். நாகப்பட்டினம், கோவை இரண்டு கல்லூரிக்கும் பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நிகர்நிலைகள்தான் தங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன. தரவரிசைப் பட்டியல்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் அவற்றில் கணிசமான மதிப்பெண் உண்டு. மூன்றாம் வருட மாணவி வார்டில் எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பரிசோதித்தாள் என்பதை அந்த எண் சொல்லாது.

அப்புறம், புதுக் கல்லூரி என்ற கவலை. இதில் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நாகப்பட்டினம், 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசுக் கல்லூரிகளில் ஒன்று. வழிகாட்ட சீனியர்கள் அதிகம் கிடையாது. ஆசிரியர் பற்றாக்குறையும் உண்மை. தேசிய மருத்துவ ஆணையம் 2025-ல் தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகள் பலவற்றுக்கு இதற்காக விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. முதல் வருடத்தில் உடற்கூறியல் போன்ற பாடங்களில் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவாக இருந்தால் மாணவி தானே புத்தகத்தோடும் இணைய வகுப்புகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் வார்டுக்குள் போன பிறகு நிலைமை மாறும். டெல்டாவின் விவசாயக் கூலிகள், மீனவக் குடும்பங்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வருகிற மருத்துவமனை அது. பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், காசநோய், சர்க்கரைநோயில் புண்ணாகிப்போன கால்கள், நள்ளிரவில் வரும் பிரசவங்கள் என்று எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்ப்பாள். முதுநிலை மாணவர்கள் நிறைய இருக்கும் பெரிய இடங்களில் ஹவுஸ் சர்ஜன் பல நேரம் பின்னால் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் குறைவாக உள்ள இடத்தில் தையல் போடுவதும் பிரசவம் பார்ப்பதும் இவள் கைக்கே வரும். கை பழகுவது அப்படித்தான். தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டி வரும் நோயாளி, மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து வயிற்றை அமுக்கிப் பார்க்க எளிதில் சம்மதிப்பதில்லை. இலவசச் சிகிச்சை வார்டு நிரம்பி இருக்கும் தனியார் கல்லூரிகளும் உண்டு, கோவையிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. அதனால் சேர்வதற்கு முன் இரண்டு ஊருக்கும் மகளோடு ஒருமுறை போய்வாருங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள். கேன்டீனில் இருக்கும் கடைசி வருட மாணவர்களிடம், காலை ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் வருகிறது, கட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா, வார்டில் ஆசிரியர் நின்று சொல்லிக்கொடுக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் மனைவியின் பயத்தைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிட வேண்டாம். பதினெட்டு வயதுப் பெண்ணை ஓர் இரவுப் பயணத் தொலைவில் விடுவது கஷ்டம்தான். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தியில் தஞ்சாவூர் வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். முதல் ஆறு மாதம் நீங்கள் இரண்டு பேரும் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தச் செலவு கோவைக் கட்டணத்தின் ஓரத்துக்குக்கூட வராது. விடுதியை மனைவியே நேரில் பார்க்கட்டும். குளியலறை, தண்ணீர், இரவு டூட்டி முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் வெளிச்சம், காவலாளி எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தி அடைந்தால் பயம் பாதி குறையும். கோவையில் சேர்ந்தாலும் அவள் அநேகமாக விடுதியில்தான் இருப்பாள், தினமும் வீட்டுக்கு வந்து படிக்க முடியாது.

மகள் "எதுவானாலும் சரி" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பணக் கஷ்டம் தெரிந்த பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். தனியாக உட்காரவைத்து, தோப்பை விற்கப்போவதில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். அவளுக்கு உடல்நலக் குறைவோ, வீட்டைவிட்டு இருக்கவே முடியாத மனநிலையோ இருந்தால் கோவை சரியான முடிவு. அப்போது கடன் வாங்கலாம், தவறில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். தோப்பை ஈடாக வைப்பது அதை விற்பதைவிட எவ்வளவோ மேல். கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகைக்கு மேல் கல்லூரி எது கேட்டாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது போன வருடக் கணக்கை மட்டும் நம்பி நாகையை முதலில் போட்டுவிடாதீர்கள். கோவை, சேலம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று பழைய அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் மேலே போடுங்கள். கிடைக்காவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. அடுத்து திருப்பூர், திண்டுக்கல், நாமக்கல், நீலகிரி. இவையும் அதே 2022-ல் தொடங்கிய அரசுக் கல்லூரிகள், உங்கள் ஊருக்கு இன்னும் பக்கம். அதற்கும் கீழே நாகை, அதன் பிறகு கோவைத் தனியார் கல்லூரி. அடுத்த சுற்றில் மேலே நகரும் வாய்ப்பு யாருக்கு, எந்தச் சுற்றுக்குப் பின் விலகினால் பணம் போகும் என்பதையெல்லாம் இந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் வரி விடாமல் படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். இடங்கள் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு இணையத்தில் நடத்தும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. மதிப்பெண் வரிசைப்படி கணினி ஒதுக்கும் இடத்தை அவர் எப்படி வாங்கித் தருவார்? ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள்.