தொட்டி மண்ணில் நாற்று: உரம் எப்போது, எவ்வளவு?

கேள்வி: தக்காளி, மிளகாய் விதைகளைச் சின்னத் தொட்டிகளில் போட்டேன். மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்திருக்கிறேன். முளைத்து இரண்டு வாரம் ஆகிறது. தக்காளியில் புது இலை வந்துவிட்டது. மிளகாய் முதலில் வந்த இரண்டு இலையோடு அப்படியே நிற்கிறது. சில நாற்றுகளில் அடி இலை லேசாக மஞ்சளாகத் தெரிகிறது. தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே கொடுக்கலாமா? எவ்வளவு?

பதில்: இப்போது வேண்டாம். பொட்டலம் பிரிக்காமலே இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் போட்ட கலவை, இந்த வயது நாற்றுக்கு மூன்று நான்கு வாரம் தாங்கும். அதற்கு மேல் நீங்கள் இப்போது எதைக் கொடுத்தாலும் அதைச் சாப்பிடும் அளவுக்கு வேர் கிடையாது. சாப்பிடாத உரம் சும்மா கிடப்பதில்லை. உப்பாக மண்ணில் சேர்ந்து, அந்தச் சின்ன வேரைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

முளைத்தவுடன் வரும் இரண்டு இலைகளும் வித்திலைகள். வழவழப்பாக, நீள்வாக்கில், ஓரத்தில் எந்த வெட்டும் இல்லாமல் இருக்கும். விதைக்குள் சேமித்து வைத்த சாப்பாட்டை வைத்துத்தான் செடி முதல் சில நாட்களை ஓட்டுகிறது. வித்திலை பச்சையானதும் வெயிலில் தானே கொஞ்சம் சமைக்கவும் தொடங்கும். அதன் நடுவிலிருந்து அடுத்ததாக வருவதுதான் நிஜ இலை. தக்காளியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், விரலால் தடவினால் தக்காளி வாசனை வரும். உரத்தைப் பற்றிய யோசனை இரண்டாவது ஜோடி நிஜ இலை விரியும்போது ஆரம்பித்தால் போதும். நாளை எண்ணுவதைவிட இலையை எண்ணுவது நம்பகமானது. ஒரே நாளில் போட்ட விதைகள்கூட ஒரே வேகத்தில் வருவதில்லை.

மிளகாயைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அது தக்காளியைவிட மெதுவாக வளரும் ஜாதி. 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் சுறுசுறுப்பாக வரும். மண் குளிர்ந்து கிடந்தால் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். அப்படி நிற்கிற செடிக்கு உரம் ஊற்றி எழுப்ப முடியாது. தொட்டியை வெதுவெதுப்பான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள், அது வேலை செய்யும்.

உரம் எப்போது என்பதைத் தீர்மானிப்பது செடியைவிடக் கலவைதான். உங்களுடையதைப் போல மட்கிய உரம் நன்றாகக் கலந்திருந்தால் முளைத்து மூன்று நான்கு வாரம்வரை வெறும் தண்ணீர் போதும். வெறும் தோட்டத்து மண்ணாக இருந்தால் அந்த மண்ணின் வளத்தைப் பொறுத்தது. பொதுவாக இரண்டாவது ஜோடி நிஜ இலையிலிருந்து லேசாக ஆரம்பிக்கலாம். தென்னை நார்க்கழிவில் மட்டும் போட்டிருந்தால் கதையே வேறு. அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கொஞ்சம் இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) என்று சொல்ல ஒன்றும் இருக்காது. போதாததற்கு, நீங்கள் கொடுக்கும் சுண்ணாம்புச்சத்தையும் (கால்சியம்) மெக்னீசியத்தையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே முதல் நிஜ இலை விரிந்ததுமே மிகமிக நீர்த்த உரம் தேவைப்படும். கடையில் வாங்கிய நாற்றுக் கலவை என்றால் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் முதல் சில வாரத்துக்கான உரம் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் நீங்களும் ஊற்றினால் இரட்டைச் சாப்பாடு.

சரி, அந்த மஞ்சள் இலைக்கு வருவோம். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். வித்திலையாக இருந்தால், அதன் வேலை முடிந்து சத்து மேலே போகும்போது அது மஞ்சளாகி உதிர்வது இயல்பு. ஆனால் நிஜ இலை இரண்டு மூன்று வருவதற்கு முன்பே வித்திலை வெளுத்தால், தண்ணீர் அதிகமா என்று சந்தேகப்படுங்கள்.

நிஜ இலைகளில் அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, மேல் இலை மட்டும் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துப் பசி. செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அடி இலையில் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மட்டும் மஞ்சளாக இருந்தால் மெக்னீசியம் குறைவு. இதே கோலம் குருத்து இலையில் தெரிந்தால் இரும்பு. இரும்பு மண்ணில் இல்லாமல் போவது அபூர்வம். மண்ணின் காரத்தன்மை ஏறிப் போய் வேரால் எடுக்க முடியாமல் இருப்பதுதான் வழக்கம். நாற்றுக்கு அமில கார நிலை (pH) 6 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. இரவுக் குளிரில் மண் சில்லிட்டாலும் அதே ஊதா வரும், மண்ணில் சூடு ஏறியதும் மெல்லப் போய்விடும்.

இத்தனையையும் குழப்புவது அதிகத் தண்ணீர். எந்நேரமும் ஈரத்தில் ஊறிய வேருக்குக் காற்று கிடைக்காது. காற்று இல்லாத வேர் பக்கத்தில் இருக்கும் உரத்தைக்கூட எடுக்காது. மேலே இலை பசியில் இருப்பது போலவே வெளுக்கும். அதைப் பார்த்து உரத் தண்ணீர் ஊற்றினால் ஈரமும் உப்பும் சேர்ந்துகொள்ளும். அடுத்த வாரம் தண்டு மண்மட்டத்தில் நூல் போல இளைத்து, நாற்று சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் செய்யும் நாற்றழுகல் அது. வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. அதனால் மஞ்சளைப் பார்த்ததும் முதலில் தொட்டியைக் கையில் தூக்குங்கள். தண்ணீர் ஊற்றியதும் எவ்வளவு கனம், காய்ந்ததும் எவ்வளவு கனம் என்பது இரண்டு மூன்று தடவையில் கைக்குப் பழகிவிடும். கனமாக இருந்தால் உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு நாற்றைப் பலி கொடுங்கள். மண் கட்டியோடு மெல்லக் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். வேர் நுனிவரை வெள்ளையாக, மெல்லிய ரோமம் படர்ந்திருந்தால் நலம். பழுப்பாக, இழுத்தால் மேல்தோல் உருவி வந்தால் வேர் அழுகியிருக்கிறது. எந்த உரமும் அதை மாற்றாது. இலையை வைத்து அரை மணி நேரம் யூகிப்பதைவிட இந்த ஒரு நாற்று அதிகம் சொல்லும்.

இனி அளவு. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு வளர்ந்த செடிக்கு. நாற்றுக்கு லிட்டருக்கு அரை கிராம் போதும். 19:19:19 என்றால் நூறு கிராம் உரத்தில் 19 கிராம் தழைச்சத்து. அரை கிராமில் 95 மில்லிகிராம் வரும். லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் தழைச்சத்து என்பது நாற்றுக்குப் பொருத்தமான வரம்பு. முதல் தடவை இதிலும் பாதி, அதாவது கால் கிராம் கொடுத்து நான்கைந்து நாள் பாருங்கள்.

அரை கிராமை வீட்டில் எப்படி அளப்பது? அளக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரையுங்கள். சமையலறைத் தராசே இதற்குப் போதும். அந்தக் கரைசலில் 100 மில்லி எடுத்து 900 மில்லி தண்ணீரில் ஊற்றினால் லிட்டருக்கு அரை கிராம் ஆகிவிட்டது. 50 மில்லி எடுத்து 950 மில்லியில் ஊற்றினால் கால் கிராம். மிச்சக் கரைசலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பெரிய செடிகளுக்கு நீர்த்து ஊற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கால்சியம் நைட்ரேட்டும் வைத்திருந்தால் அதை இந்தக் கெட்டிக் கரைசலோடு கலக்காதீர்கள். மணிச்சத்தோடு சேர்ந்து சுண்ணாம்பு போலத் திரிந்து அடியில் தங்கிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் வேறுவேறு நாளில் கொடுங்கள்.

ஊற்றும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காய்ந்து போன மண்ணில் உரத் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும்; மிஞ்சிப் போனால் வேரிலிருந்தே தண்ணீர் வெளியே இழுபடும். இலை நுனி கருகுவது அதனால்தான். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது, காலையில், செடியின் தண்டை விட்டுத் தள்ளி மெதுவாக ஊற்றுங்கள். அடியிலுள்ள ஓட்டை வழியாகக் கொஞ்சம் வடியும்வரை ஊற்றி, வடிந்ததைத் தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு தடவை உரம். நடுவில் வருவதெல்லாம் வெறும் தண்ணீர். தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது மேலிருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். கீழிருந்து ஏறும் தண்ணீர் உப்பை மேல் மண்ணில் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அதுதான்.

ஏற்கெனவே அதிகம் ஊற்றிவிட்டால்? இலை கரும்பச்சையாக மாறி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, நுனி தீய்ந்தது போலத் தெரியும். உடனே தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். பிறகு மேல் மண் காயும்வரை தொடாதீர்கள். தீய்ந்த நுனி பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பசியில் வெளுத்த நாற்று ஒரு தடவை நீர்த்த உரத்தில் ஒரு வாரத்துக்குள் தேறிவிடும். உப்பில் வெந்த நாற்று தேறினாலும் பின்தங்கியே இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் குறைவின் பக்கம் நிற்பது நல்லது.

யூரியாவையும், தழைச்சத்தும் மணிச்சத்தும் கெட்டியாக உள்ள டிஏபி உரத்தையும் நாற்றுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு சிட்டிகை கூடினாலும் அது இந்தத் தொட்டிக்கு அதிகம். யூரியா மண்ணில் மாறும்போது வரும் அம்மோனியா இளம் வேரைச் சுடும். வேர் பிடிக்க மணிச்சத்து அதிகம் வேண்டும் என்று தனியாக விற்கிறார்களே, அதுவும் இப்போதைக்குத் தேவையில்லை. முளைக்கத் தேவையான மணிச்சத்தை விதை தன்னோடு கொண்டு வருகிறது, மீதி உங்கள் மண்புழு உரத்தில் இருக்கிறது. மட்காத சாணமும் வேண்டவே வேண்டாம்.

ரசாயன உரம் பிடிக்காதவர்கள் மண்புழு உர வடிநீரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். அதன் சத்து ஒவ்வொரு மண்புழுத் தொட்டிக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்பதால் இரண்டு செடியில் முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். அதைவிட எளிது, ஒரு தேக்கரண்டி சலித்த மண்புழு உரத்தைத் தண்டில் படாமல் மேல் மண்ணில் தூவிவிடுவது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் சுடாது.

நாற்று ஒல்லியாக உயரமாக ஓடினால் அதற்கு உரம் மருந்து இல்லை. வெளிச்சம் போதவில்லை. அந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் இன்னும் ஓடும்.

ஆக உங்கள் கணக்கு இப்படி வரும். தக்காளிக்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள் வெறும் தண்ணீர். இரண்டாவது ஜோடி நிஜ இலை நன்றாக விரிந்த பிறகு, அடி இலை வெளிறத் தொடங்கினால் கால் கிராம் அளவில் ஒருமுறை. இலை பச்சையாகவே இருந்தால் அதையும் தள்ளிப் போடுங்கள். கால் கிராம் கொடுத்த அடுத்த வாரத்திலிருந்து அரை கிராம். மிளகாய்க்கு அதே கணக்கு, இலையைப் பார்த்து, பின்னால் வரும். நான்கைந்து நிஜ இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, மாற்றுவதற்கு முந்தின நாள் லேசாக ஒருமுறை உரத் தண்ணீர் கொடுக்கலாம். மாற்றிய பிறகு ஒரு வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். வேர் அறுபட்டிருக்கும். புதுத் தளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். லிட்டருக்கு ஒரு கிராம் என்று ஏற்றுவதை அப்போது தொடங்கலாம்.